கதவு கழற்றிய வீடு

தாயில்பட்டியில் மாரித்தாயின் வீட்டுக்கு வழி கேட்டால் தெருப் பெயரை யாரும் சொல்வதில்லை. "கதவில்லாத வீடா?" என்று திருப்பிக் கேட்பார்கள். தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி இடது கைப்பக்கம், காலனி வீடுகளின் வரிசையில் கடைசிக்கு முந்தைய வீடு. நிலை இருக்கும். நிலையில் கீல் அடித்த தழும்பு இருக்கும். கதவு இருக்காது. அந்த இடத்தில் ஒரு பழைய சேலை தொங்கும். காற்றடித்தால் சேலை வீட்டுக்குள் வந்து போகும். அதற்குக் கீழே நாயும் கோழியும் வந்து போகும்.

கதவு எங்கும் தொலைந்துவிடவில்லை. வீட்டுக்குப் பின்னால் செங்கல் அடுக்கின் மேல் படுத்துக் கிடந்தது. மாரித்தாய் அதன்மேல் மிளகாய் காயப்போடுவாள். கழற்றியவர் அவள் புருஷன் சங்கிலிமுத்து, லாரியில் பட்டாசு லோடு ஏற்றுகிற ஆள். ஏன் கழற்றினீர் என்று கேட்பவர்களுக்கு அவரிடம் ஒரே பதில்தான் உண்டு.

"உள்ள என்ன இருக்கு களவாங்கறதுக்கு? திருடன் வந்தான்னா அவனே பாவப்பட்டு ஏதாச்சும் வச்சுட்டுப் போவான்."

கேட்டவர் சிரிப்பார். பேச்சு அதோடு முடிந்துபோகும். முடியட்டும் என்றுதான் அவரும் சிரிக்க வைப்பார். உண்மையான காரணம் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியும். எடுத்துப் பேச மாட்டார்கள்.

மகள் பொன்மணி தொட்டிலில் கிடந்த வருஷம் அது. மாரித்தாய்க்கு அப்போது இருபத்து மூன்று வயது. ஊருக்குக் கிழக்கே இருந்த ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து அறையில் வேலை. மருந்து அறை என்பது வெடிமருந்து கலந்து அடைக்கிற சின்ன அறை. உள்ளே கரண்ட் கிடையாது. எதிரெதிரே கதவுகள். எல்லாம் வெளிப்பக்கமாகத் திறக்கும். வேலை நடக்கும்போது எதையும் சாத்தக் கூடாது. புதிதாக வருகிறவர்களுக்குப் போர்மேன் சொல்லிக்கொடுப்பது கொஞ்சம்தான். ஏதாவது ஆகிவிட்டால் எதையும் எடுக்காதே. யாரையும் தேடாதே. பக்கத்துக் கதவு வழியாக வெளியே ஓடு. கட்டடத்தை விட்டுத் தள்ளி வெட்டவெளியில் போய் நில்.

அன்று சாரல் அடித்தது. மருந்தில் ஈரம் படக் கூடாதென்று மேற்குக் கதவைச் சாத்தினார்கள். வெளியே கிடந்த வெற்று அட்டைப்பெட்டிக் கட்டுகளை அந்தக் கதவோரமாகவே அடுக்கித் தார்ப்பாய் போட்டு மூடினார்கள். சாத்தியது யார், அடுக்கியது யார் என்று பிறகு எவரும் கேட்கவில்லை. மழை வந்தால் எல்லோரும் செய்வதுதான். மாரித்தாய் கிழக்குக் கதவுப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். அவளோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்த சிநேகிதி அழகுமீனா மேற்குக் கதவுப் பக்கம்.

முதலில் புஸ்ஸென்று ஒரு வெளிச்சம்தான். மாரித்தாய் சொல்லிக்கொடுத்தபடி செய்தாள். எதையும் எடுக்கவில்லை, யாரையும் தேடவில்லை. வெட்டவெளியில் போய் நின்ற பிறகு அந்தச் சத்தம் கேட்டது. மேற்குக் கதவை உள்ளேயிருந்து யாரோ இரண்டு உள்ளங்கையாலும் அறைந்தார்கள். கூப்பாடு இல்லை, கை மட்டும். பிறகு அறை வெடித்தது.

அன்று மாலை வீட்டில் சங்கிலிமுத்து வழக்கம்போல வாசல் கதவைச் சாத்தினார். மாரித்தாய் சுவரோடு ஒட்டி நின்று இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். அவர் கதவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். உளியும் சுத்தியலும் எடுத்து வந்து கீலைக் கழற்றினார்.

கொஞ்ச நாள் கழித்து அவள் வேலைக்குப் போனாள். மருந்து அறைக்குப் போகவில்லை, நாலு பக்கமும் திறந்த பேக்கிங் கொட்டகைக்கு. மற்றபடி எல்லாரையும் போலத்தான் வாழ்ந்தாள். சீட்டு கட்டினாள், அம்மனுக்குத் தீச்சட்டி எடுத்தாள், தண்ணீர்க் குழாயடியில் சண்டை போட்டாள். பஸ்ஸில் ஏறினால் படிக்கட்டுப் பக்கத்து சீட்டு. கல்யாண வீட்டில் வாசலோரத்து இலை. தெரிந்தவர்கள் அவளுக்காக அந்த இடத்தை விட்டுவைப்பார்கள்.

பொன்மணியைத் தை மாதத்தில் கட்டிக்கொடுத்தார்கள். மாப்பிள்ளை பாண்டிராஜ் வெல்டர். தெற்கே கடற்கரையில் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த அணுமின் நிலையத்தில் கான்ட்ராக்ட் வேலை. வீடும் அதற்குப் பக்கத்து ஊரில்தான். பட்டாசுக் கம்பெனிக்குப் போகாத மாப்பிள்ளை கிடைத்தான் என்று மாரித்தாய் கோயிலில் பொங்கல் வைத்தாள். மாசி முடிவதற்குள் ஜப்பானில் பூமி ஆடியது, கடல் உள்ளே வந்தது, அணு உலை வெடித்தது.

செல்லச்சாமியின் டீக்கடை டிவியில் அதைத் திரும்பத் திரும்பப் போட்டார்கள். கடையில் நின்ற அத்தனை பேரும் புகை பார்க்கத் தெரிந்தவர்கள். எங்காவது வெடித்தால் புகையின் நிறத்தை வைத்தே எந்த மருந்து, எந்தப் பக்கத்துக் கம்பெனி என்று சொல்லிவிடுவார்கள். ஜப்பான் புகையையும் அப்படித்தான் பார்த்தார்கள்.

"கூரைதான் போயிருக்கு. சுவரு நிக்கி," என்றார் செல்லச்சாமி, பக்கத்துக் கம்பெனியில் நடந்ததைச் சொல்வதுபோல.

மாரித்தாய் கேட்டது இந்தப் பக்கத்தில் எல்லோரும் முதலில் கேட்பது. "உள்ள எம்புட்டு பேரு?"

வெடியில் யாரும் செத்ததாகத் தெரியவில்லை, ஆனால் சுற்றுவட்டாரத்து ஊர்களை எல்லாம் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள் என்று பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தவர் சொன்னார். சாவு இல்லையென்றால் ஊரை எதற்குக் காலி பண்ண வேண்டும் என்று கடையில் பெரிய வாக்குவாதம் நடந்தது. அது காற்றில் வரும், கண்ணுக்குத் தெரியாது, வாடை அடிக்காது என்று அவர் விளக்கினார். இந்த ஊரில் ஆபத்துக்குச் சத்தம் உண்டு, புகை உண்டு, கந்தக வாடை உண்டு. எதுவுமே இல்லாமல் ஒன்று வரும் என்றால் எந்தப் பக்கம் பார்த்து ஓடுவது?

மாரித்தாய் மகளுக்குப் போன் போட்டாள். பொன்மணி சிரித்தாள். "அது ஜப்பான்ம்மா. இங்கன கடல் அமைதியாத்தான் கிடக்கு."

கடல் அமைதியாக இருந்தது. கரை அமைதியாக இல்லை. அணு உலையைத் திறக்கக் கூடாதென்று ஊர் ஊராகப் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். திறந்தே ஆக வேண்டும் என்று கரண்ட் இல்லாத ஊர்களில் இன்னொரு கூட்டம். விஞ்ஞானிகள் வந்து பாதுகாப்பு என்றார்கள், வேறு விஞ்ஞானிகள் வந்து இல்லை என்றார்கள். பொன்மணியின் மாமியார் அருணாதேவி தினமும் காலையில் மகனுக்குச் சாப்பாடு கட்டிக்கொடுத்து அணுமின் நிலையத்து பஸ்ஸில் ஏற்றிவிடுவாள். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டே நடந்து பந்தலுக்குப் போய், அதே நிலையத்தை மூடச் சொல்லி உட்காருவாள். இதென்ன கூத்து என்று கேட்டவர்களை அவள் முறைத்தாள். "அவன் வேலை அவனுக்கு. என் பயம் எனக்கு. ரெண்டுக்கும் ஒரே வீட்டுல இடம் இல்லையாக்கும்?"

அடுத்த வருஷம் மாசியில் தாயில்பட்டியில் பிரசவம். பெண் பிள்ளை. ஐந்தாம் மாதம் பிள்ளையோடு பொன்மணி திரும்பிப் போனபோது மாரித்தாயும் கூடப் போனாள். நர்சரிப் பள்ளிக்கூடத்தில் பொன்மணிக்கு டீச்சர் வேலை கிடைத்திருந்தது. அருணாதேவியால் குனிந்து பிள்ளையைத் தூக்க முடியாது. மாரித்தாய் பேக்கிங் வேலையை விட்டுவிட்டு, பேத்தியே வேலை என்று போய்ச் சேர்ந்தாள். அத்தனை வருஷத்தில் அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது அந்தச் சில வாரங்கள்தான் என்று சங்கிலிமுத்து பிற்பாடு சொன்னார்.

அணு உலையில் விபத்து நடந்தால் என்ன செய்ய வேண்டும் என்று ஆடி மாதம் ஊரில் ஒத்திகை வைத்தார்கள். முதல் நாளே மைக் ஆட்டோ வந்தது. சங்கு ஊதினால் எல்லோரும் வீட்டுக்குள் போக வேண்டும், கதவு ஜன்னல்களைச் சாத்த வேண்டும், மறுபடி அறிவிக்கும்வரை யாரும் வெளியே வரக் கூடாது. பொன்மணி அம்மாவிடம் அதை விளக்கிச் சொன்னாள். மாரித்தாய் தலையாட்டினாள். புரிந்துதான் ஆட்டினாள்.

மறுநாள் பொன்மணி பள்ளிக்கூடத்தில் இருந்தாள். அருணாதேவி அடுப்படியில். சங்கு ஊதியது. மாரித்தாய் தொட்டிலிலிருந்து பிள்ளையை அள்ளினாள். வேறு எதையும் எடுக்கவில்லை, யாரையும் தேடவில்லை. வாசலைத் தாண்டி, தெருவைத் தாண்டி, கட்டடமே இல்லாத பனங்காட்டு ஓரத்து வெட்டவெளியில் போய் நின்றாள். ஆடிக் காற்று மண்ணை வாரி முகத்தில் அடித்தது. திரும்பிப் பார்த்தால் ஊர் முழுக்கக் கதவு சாத்திக் கிடந்தது. ஒரு ஆள் இல்லை. அத்தனை கதவையும் ஒரே நேரத்தில் சாத்தி அவள் எங்கும் பார்த்ததில்லை. ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் கை இருப்பதுபோல அவளுக்குத் தோன்றியது.

முகமூடி போட்ட இளைஞன் ஒருவன் அவளை நோக்கி வந்தான். ஒத்திகைக்கு வந்த தொண்டர்களில் ஒருவன். மரியாதையாகத்தான் பேசினான். பிள்ளையின் மணிக்கட்டில் சிவப்பு நாடா ஒன்றைக் கட்டினான்.

"ஒத்திகைதான்ம்மா, பயப்படாதீங்க. ஆனா கணக்குப்படி உங்களுக்கும் பாப்பாவுக்கும் பட்டுருச்சு."

"எது பட்டுச்சு?"

"காத்து."

அவர்களைக் கூடாரத்துக்குக் கூட்டிப்போய் ஒரு கருவியை மேலும் கீழும் ஆட்டிப் பார்த்து அனுப்பிவிட்டார்கள். ஊர் இரண்டு நாள் சிரித்தது. "எல்லாரும் உள்ள ஓடுனா நீங்க வெளிய ஓடுதீய மதினி," என்றாள் அருணாதேவி. "உங்க ஊர்ல வாசலை மாத்தி வச்சிருப்பாவளோ?" அவளுக்குக் கெட்ட எண்ணம் இல்லை. பிள்ளை கையில் சிவப்பு நாடாவைப் பார்த்ததிலிருந்து அவளும் பயந்துதான் போயிருந்தாள்.

பொன்மணி சிரிக்கவில்லை. நாடாவை அவிழ்த்தாள். சாயம் இறங்கி பிள்ளையின் மணிக்கட்டில் சிவப்பாகக் கோடு விழுந்திருந்தது. அதைத் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்துக்கொண்டே பேசினாள்.

"நீ ஓடுனது தப்புன்னு சொல்ல மாட்டேம்மா. அன்னைக்கு நீ ஓடலைன்னா நான் தாயில்லாமத்தான் வளந்திருப்பேன். ஆனா இங்கன அது செல்லாது. இங்கன ஓடுனாத்தான் போச்சு."

எண்ணெய்க் கையைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"கதவைச் சாத்தித் தாழ் போட்டு, சொல்ற வரைக்கும் உள்ள இருந்து காட்டு. பிள்ளையைத் தாரேன். நான் நிம்மதியா வேலைக்குப் போவேன்."

மாரித்தாய் அங்கேயே முயற்சி செய்தாள். கதவைச் சாத்தினாள், தாழ்ப்பாளில் கை வைத்தாள். சேலை நனையும் அளவுக்கு வியர்த்தது. வெளியே யாரும் இல்லை, கதவில் யாரும் கை வைக்கவில்லை, அவளுக்கு மட்டும் அந்தச் சத்தம் கேட்டது. திறந்துகொண்டு தெருவுக்கு வந்து நின்றாள். மறுநாள் காலை பஸ்ஸில் தாயில்பட்டிக்குத் திரும்பினாள். பொன்மணி பள்ளிக்கூடத்துக்கு லீவு சொன்னாள். லீவு நீண்டுகொண்டே போனது. கோடை லீவு முடிந்து பள்ளி திறக்கும்போது வந்தால் வரலாம், இல்லையென்றால் வேறு ஆள் எடுத்துக்கொள்வோம் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது.

அந்த வருஷம் சீசன் நேரத்தில் சிவகாசியில் கரண்ட் இருக்கும் நேரத்தைவிட இல்லாத நேரம்தான் அதிகம். அச்சாபீசு மிஷின்கள் தூங்கின. காலண்டர் ஆர்டர்கள் தேங்கின. அச்சக முதலாளி கனகசபாபதி முன்நின்று, அணுமின்சாரம் வேண்டுமா வேண்டாமா என்று ஒரு கல்யாண மண்டபத்தில் விவாதக் கூட்டம் ஏற்பாடு செய்தார். இரண்டு பக்கமும் பேசுவார்கள், பொதுமக்கள் கேள்வி கேட்கலாம் என்று நோட்டீஸ் போட்டிருந்தது. செல்லச்சாமி போகிறேன் என்றார். மாரித்தாய் தானும் வருவதாகச் சொன்னாள். அவளிடம் ஒரு கேள்வி இருந்தது.

மண்டபத்துக்குள் அவளால் போக முடியவில்லை. அன்றைக்கும் கரண்ட் இல்லை. ஜெனரேட்டர் வைத்து ஏசி போட்டிருந்தார்கள். குளிர் போகாமல் இருக்கக் கதவுகளைச் சாத்திவிட்டார்கள். செல்லச்சாமி உள்ளே போனார். அவள் படியில் நின்றாள். ஜெனரேட்டர் இரைச்சலில் பேச்சு ஒரு சொல்லும் விளங்கவில்லை. அவ்வப்போது கைதட்டல் மட்டும் கேட்டது. வேண்டும் என்றவர்களுக்கு ஒரு தட்டல், வேண்டாம் என்றவர்களுக்கு ஒரு தட்டல். சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து வரும்போது இரண்டும் ஒன்றாகவே இருந்தன. நூற்றுக்கணக்கான உள்ளங்கைகள். மாரித்தாய் படியிலிருந்து இறங்கி, வேப்பமரத்தடிக்கு நகர்ந்து, பிறகு மண்டபத்து வெளிவாசலுக்கே வந்துவிட்டாள்.

அங்கே ஒரு பெண் போன் பேசிக்கொண்டிருந்தாள். யோகேஸ்வரி என்று பெயர். விருதுநகரில் ஒரு கல்லூரியில் இயற்பியல் சொல்லித்தருகிறவள், வேண்டும் என்ற பக்கத்தில் பேசி முடித்துவிட்டு வெளியே வந்தவள். போனை அணைத்ததும் மாரித்தாய் பக்கத்தில் போனாள்.

"ஏம்மா, பட்டாசுக்குக் கதவைத் திறந்து வெளிய ஓடுன்னு சொல்லுதாக. இதுக்கு மட்டும் சாத்திட்டு உள்ள இருங்குதாக. அது எப்படி?"

யோகேஸ்வரி அவசரப்படவில்லை. மருந்து அறையில் ஆபத்து உள்ளே இருக்கிறது, அதனால் வெளியே ஓட வேண்டும் என்றாள். இதில் ஆபத்து வெளியே காற்றில் தூசியாக வருகிறது. சுவரும் கதவும் அதைத் தடுக்கும். கதவிடுக்கில் ஈரத்துணி வைத்தால் இன்னும் நல்லது. மேகம் கடந்து போகிறவரை பொறுத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு பஸ் வைத்துக் கூட்டிப்போவார்கள். மாரித்தாய்க்கு எல்லாம் விளங்கியது. இவ்வளவு தெளிவாக யாரும் அவளுக்குச் சொன்னதில்லை.

"கடந்து போச்சுன்னு நமக்கு எப்படித் தெரியும்?"

"மைக்குல சொல்லுவாங்கம்மா."

"சொல்றவங்க இருப்பாகளா?"

யோகேஸ்வரி மண்டபத்தைத் திரும்பிப் பார்த்தாள். உள்ளே மறுபடியும் கைதட்டினார்கள். "அதைத்தான் உள்ள பேசிக்கிட்டிருக்கோம்," என்றாள். "இருப்பாங்கன்னு நாங்க பேசுறோம். இருக்க மாட்டாங்கன்னு அவங்க பேசுறாங்க." கொஞ்சம் தயங்கிவிட்டு, "நான் இருப்பாங்கன்னு நம்புறேன்ம்மா," என்று சேர்த்துக்கொண்டாள்.

கூட்டத்தில் தீர்மானம் எதுவும் ஆகவில்லை என்று திரும்பும் வழியில் செல்லச்சாமி குறைப்பட்டார். மாரித்தாய்க்கு ஆகியிருந்தது. வீட்டுக்கு வந்ததும் புருஷனிடம் கதவை மாட்டச் சொன்னாள்.

சங்கிலிமுத்து இரண்டாம் தடவை கேட்காமல் பின்பக்கம் போனார். கதவைத் தட்டி, துடைத்து, தூக்கி வந்தார். வெயிலில் காய்ந்து வளைந்திருந்தது, இழைத்துச் சரிசெய்தார். பலகை முழுக்க மிளகாய்ச் சிவப்பு. மாட்டி முடிப்பதற்குள் அவரே பலமுறை தும்மிவிட்டார். "இனி திருடன் வரட்டும். தும்மியே செத்துப்போவான்," என்றார்.

வேலை இல்லாத பகல்களில் பழகினார்கள். அவள் உள்ளே, அவர் வெளியே கதவில் முதுகைச் சாய்த்து. லோடு கதை, லாரி டிரைவர் கதை, பக்கத்து வீட்டுச் சண்டை என்று அவர் பேசிக்கொண்டே இருப்பார். அவர் குரல் கேட்கும்வரை அவளால் இருக்க முடிந்தது. சில வாரம் கழித்து அவளே தடுத்துவிட்டாள்.

"பேசாதீக. அங்கன நீக இருக்க மாட்டீகள்ல."

அவர் வாயை மூடிக்கொண்டார். அப்போதுதான் சத்தம் வந்தது. வழக்கமான சத்தம்தான். ஆனால் இத்தனை வருஷமும் வெட்டவெளியில் நின்றே அதைக் கேட்டிருந்தாள். கதவுக்கு உள்ளே, அழகுமீனா இருந்த பக்கத்தில், இப்போதுதான் முதல் தடவையாக நின்றாள். இங்கிருந்து பார்த்தால் கதவு இடுக்கில் ஒரு கோடு வெளிச்சம் தெரிந்தது. அழகுமீனாவும் அதைப் பார்த்திருப்பாள். இல்லை, தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்களே, தெரிந்திருக்காது. மாரித்தாய் இரண்டு உள்ளங்கையையும் பலகையில் வைத்தாள். அறையவில்லை, வைத்திருந்தாள். காரம் விரலில் ஏறி எரிந்தது. சத்தம் அடங்குகிறவரை அப்படியே நின்றாள்.

மார்கழி முடியும்போது உலை வைத்துச் சோறு வடிக்கிறவரைக்கும் கதவைச் சாத்தி இருக்கப் பழகியிருந்தாள். சத்தம் நிற்கவில்லை. அது வந்தால் வரட்டும் என்று விட்டுவிட்டாள்.

பொங்கலுக்குப் பொன்மணி பிள்ளையோடு வந்தாள். பாண்டிராஜுக்கு லீவு கிடைக்கவில்லை. வாசலில் கதவைப் பார்த்ததும் பொன்மணி திகைத்து, தொட்டுப் பார்த்தாள். அவளுக்கு நினைவு தெரிந்து அந்த வீட்டில் கதவு இருந்ததில்லை. விசேஷம் எல்லாம் முடியட்டும், பிறகு கதவைச் சாத்தி இருந்து பார்க்கலாம் என்று தாயும் மகளும் பேசிக்கொண்டார்கள். பொன்மணி கடற்கரைக்குத் திரும்பிப் போகும்போது பிள்ளையை விட்டுப் போவதா, அம்மாவைக் கூட்டிப்போவதா, இரண்டும் இல்லையா என்பது அதில்தான் இருந்தது.

பொங்கல் லீவு முடிந்து கம்பெனிகள் திறந்த அன்றைக்கு மதியம். சங்கிலிமுத்து லோடுக்குப் போயிருந்தார். பிள்ளைக்குப் பிஸ்கட் வாங்க பொன்மணி பஸ் நிறுத்தத்துக் கடைக்குப் போனாள். பிள்ளை பாயில் தவழ்ந்துகொண்டிருந்தது.

தரை முதலில் அதிர்ந்தது, பிறகு சத்தம் வந்தது. அடுக்கில் இருந்த தட்டுகள் உருண்டன. அடுத்த மூச்சில் தெரு முழுக்கக் காலடிகள். எந்தப் பக்கம், என்ன புகை, எந்தக் கம்பெனி என்று கேட்டுக்கொண்டே எல்லோரும் வெளியே ஓடினார்கள். புகையைப் பார்க்க ஓடுவது இந்தப் பக்கத்து வழக்கம். அப்படி ஓடிப் போய்ச் செத்தவர்களும் உண்டு. இருந்தும் ஓடுவார்கள். உள்ளே தன் ஆள் இருக்கிறாரா என்று தெரிய வேண்டுமே.

மாரித்தாய் பிள்ளையைத் தூக்கினாள். கதவைச் சாத்தினாள். தாழ் போட்டாள். ஜன்னலைச் சாத்தினாள். குடத்தில் சேலைத் துணியை முக்கி கதவிடுக்கில் திணித்தாள். யோசித்துச் செய்யவில்லை. கை செய்தது. அன்று வெட்டவெளிக்கு ஓடியதும் இப்படித்தான்.

யாரோ "மாரித்தாயக்கா" என்று கூப்பிட்டுக்கொண்டே ஓடினார்கள். பிள்ளையின் முகத்தைத் தோளில் சாய்த்துக்கொண்டு சுவரோரம் நின்றாள். அப்போது கதவில் அறை விழுந்தது. இரண்டு உள்ளங்கை. பட் பட் என்று, இடைவிடாமல்.

இந்தத் தடவை கதவு உண்மையிலேயே ஆடியது. மிளகாய்த் தூள் பலகையிலிருந்து உதிர்ந்தது. மாரித்தாய் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அழகுமீனா வெளியே வந்துவிட்டாள் என்று ஒரு கணம் நினைத்தாள். தாழ்ப்பாளை நோக்கி ஒரு எட்டு வைத்தாள். பிறகு குரல் கேட்டது.

"அம்மா, கதவைத் திற. பிள்ளையைத் தூக்கிட்டு வெளிய வா. வெளிய வாம்மா."

பொன்மணியின் குரல். தாயில்பட்டியில் பிறந்து வளர்ந்தவளின் குரல். கடற்கரையில் கற்றதெல்லாம் அந்த ஒரு சத்தத்தில் அவளை விட்டுப் போயிருந்தது. மாரித்தாய் கை எட்டும் தூரத்தில் தாழ்ப்பாள் இருந்தது. அவள் தொடவில்லை.

"சொல்ற வரைக்கும் திறக்கக் கூடாதுன்னு சொன்னியேத்தா," என்றாள் உள்ளேயிருந்து.

அறை நின்றது. யாரோ படியில் உட்காரும் சத்தம். பிறகு மெதுவாக, மூச்சு வாங்கிக்கொண்டு, "சரிம்மா. நான் சொல்றேன். திற."

திறந்தாள். பொன்மணி படியில் உட்கார்ந்திருந்தாள். உள்ளங்கை இரண்டும் சிவந்து போயிருந்தன. அடித்ததிலா, மிளகாய்ச் சாயத்திலா என்று தெரியவில்லை. பிள்ளையை வாங்கி மடியில் போட்டு, விரல் விரலாகத் தொட்டுப் பார்த்தாள். பிஸ்கட் பொட்டலம் தெருவில் எங்கோ விழுந்துவிட்டது.

மேற்கே சாம்பல் புகை எழும்பி நின்றது. மதியச் சாப்பாட்டு நேரம், ஆட்கள் மரத்தடியில் இருந்தார்கள், அறை மட்டும் போயிற்று என்று ஓடிப் போனவர்கள் திரும்பி வந்து சொன்னார்கள். பெரிய மூச்சு விட்டுவிட்டுத் தெரு கலைந்தது. பொன்மணி எழுந்திருக்கவில்லை.

"நான்தான்னு தெரியலையாம்மா?"

"தெரிஞ்சுச்சு."

"தெரிஞ்சும் திறக்கலையே."

மாரித்தாய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். மகளின் கையை எடுத்துத் தன் முந்தானையால் துடைத்தாள். சாயம் லேசில் போகவில்லை. "முதல்ல அழகுமீனான்னு நெனைச்சேன்," என்றாள். "அவளுக்குத் திறக்கத்தான் வந்தேன். நீன்னு தெரிஞ்ச பெறகுதான் நின்னுட்டேன்."

ஊருக்குக் கிளம்பும் அன்று பொன்மணி, "கோடை லீவு முடிஞ்சதும் நான் வேலைக்குப் போறேன். நீ இப்பவே எங்கூட வா," என்று மட்டும் சொன்னாள். சொல்லும்போது அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. மாரித்தாய் துணிகளை எடுத்து வைத்தாள்.

இப்போது கடற்கரை ஊரில்தான் இருக்கிறாள். பஸ் காலையில் பாண்டிராஜை ஏற்றிக்கொண்டு போகிறது. அருணாதேவி முழங்காலைப் பிடித்துக்கொண்டு பந்தலுக்குப் போகிறாள். பொன்மணி பள்ளிக்கூடத்துக்கு. பகல் முழுக்க வீட்டில் மாரித்தாயும் பிள்ளையும்தான். தினம் ஒரு தடவை கதவைச் சாத்திப் பார்த்துக்கொள்கிறாள், பழக்கம் விட்டுப்போகாமலிருக்க.

அதற்குமுன் ஒன்று செய்கிறாள். தாயில்பட்டியிலிருந்து வந்த பிறகு தொடங்கிய பழக்கம். கதவில் ஒரு கையை வைத்துக்கொண்டு தெருவுக்குத் தலையை நீட்டுகிறாள்.

"வெளிய யாராச்சும் இருக்கீகளா?"

முதல் சில நாள் அக்கம்பக்கத்தார் என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தார்கள். பிறகு பழகிவிட்டது. யாரும் பதில் சொல்வதில்லை. அவளும் அவர்களைக் கேட்பதுபோலத் தெரியவில்லை. ஒரு ஆள் எங்கிருந்தாவது ஓடி வந்து சேருகிற நேரம் பொறுத்திருந்து பார்த்துவிட்டு, பிறகுதான் தாழ் போடுகிறாள்.